கோடியக்கரையில் எடுத்த 1,400 படங்களில் ஒன்றுகூடக் கூர்மையாக இல்லை. லென்ஸ் பழுதா?

செந்நிலம்
ஜனவரி 6, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிறு கோடியக்கரை போயிருந்தேன். பறவைப் படம் எடுக்கத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை எங்கள் ஊர் ஏரியிலும் வயலிலும் மீன்கொத்தி, கொக்கு, பனங்காடை என்று எடுத்துப் பழகினேன். வலசைப் பறவைகளுக்காகவே கிளம்பிப் போனது இதுதான் முதல் முறை.

கிராப் சென்சார் (முழு அளவைவிடச் சிறிய சென்சார்) கேமரா, 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ், முக்காலி எல்லாம் கொண்டுபோனேன். வேதாரண்யத்தில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு உப்பளப் பக்கம் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை. நல்ல வெயில். பூநாரைகள் (ஃபிளமிங்கோ) ஐந்நூறுக்குக் குறையாமல் நின்றன. இருநூறு மீட்டர் தூரம் இருக்கும். பன்னிரண்டு மணி வரை நின்று 1,400 படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் மனசு விட்டுப் போய்விட்டது. எந்தப் பறவைக்கும் கண் தெரியவில்லை. கழுத்து தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிகிறது. சேற்றில் மேயும் சின்ன உள்ளான்களின் கூட்டம் சாம்பல் பொட்டுகளாக இருக்கிறது. ஆனால் இதே லென்ஸ் வீட்டு முருங்கையில் உட்காரும் தேன்சிட்டை இறகு இறகாகக் காட்டுகிறது. கடையில் கேட்டால் லென்ஸைச் சரிபார்க்க அனுப்பலாம் என்கிறார்கள். படத்தை 1.4 மடங்கு பெரிதாக்க லென்ஸோடு மாட்டும் 1.4 கன்வெர்ட்டர் வாங்கினால் தூரத்துப் பறவை சரியாக வருமா? இல்லை, கடன் வாங்கியாவது ஜூம் இல்லாத பெரிய 600 பிரைம் லென்ஸுக்குப் போக வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


உப்புக்கொத்தி
ஜனவரி 6, இரவு 10:25

செந்நிலம், எதையும் வாங்காதீர்கள். லென்ஸையும் அனுப்பாதீர்கள். உங்கள் படங்களைக் கெடுத்தது கானல்.

வெயில் ஏறினால் உப்பளத்துத் தரையும் வரப்பும் சூடாகும். மேலே இருக்கும் காற்று ஒரு பக்கம் சூடாக, ஒரு பக்கம் குளிர்ச்சியாக, கலங்கியபடி அசையும். சூடு மாறும் இடத்திலெல்லாம் ஒளி கொஞ்சம் வளையும். மத்தியானம் தார்ச் சாலையில் தூரத்து லாரி நெளிவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். உங்களுக்கும் பூநாரைக்கும் நடுவில் அந்தக் காற்று இருநூறு மீட்டருக்கு நிற்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அதைத் தாண்டிப் பார்க்காது. முருங்கைமரம் ஆறேழு மீட்டர்தான், அதனால் தேன்சிட்டு கூர்மையாக வருகிறது.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படங்களை அடுத்தடுத்துத் தட்டிப் பாருங்கள். பறவை அசையாமல் நிற்கும்போதே அதன் வெளிக்கோடு படத்துக்குப் படம் மாறினால் அது காற்று. பறவைக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள சேறு எப்போதும் கூர்மையாக இருந்து பறவை மட்டும் மங்கினால், அப்போது ஃபோகஸைச் சந்தேகப்படலாம்.

கன்வெர்ட்டர் போட்டால் உங்கள் 600 எஃப்/6.3 என்பது 840 எஃப்/9 ஆகும். எஃப் எண் கூடுவதால் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போகும், கானலும் சேர்ந்து பெரிதாகும்.

ஜனவரியில் அங்கே ஏறக்குறைய ஆறரைக்குச் சூரியன் வரும். எட்டரை வரை நல்ல நேரம். மேகம் இருந்தால் பத்து வரை இழுக்கலாம். அப்புறம் மாலை நாலரைக்கு மேல். நடுவில் படம் எடுக்காமல் தொலைநோக்கியில் பறவைகளைப் பாருங்கள். எது எங்கே மேய்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்தால் மாலைக்கு அது பெரிய உதவி.

இன்னொன்று. காருக்குள்ளிருந்து எடுப்பவர்கள் ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். ஜன்னலில் குளிர்காற்றும் வெளிக்காற்றும் கலக்கும் இடத்திலேயே படம் கெட்டுவிடும்.


நெய்தல்_மகள்
ஜனவரி 7, காலை 6:10

நான் வேதாரண்யம் பக்கம். அப்பா முப்பது வருடமாக உப்பளத்தில் வேலை செய்கிறார். நேரத்தைப் பற்றி மேலே சொன்னது முழுக்கச் சரி. இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

அண்ணா, உப்பளத்தில் எல்லாத் தண்ணீரும் ஒன்று இல்லை. கடல்தண்ணீரைத் தேக்கும் பெரிய குளங்களில் மீன் இருக்கும். அங்கே ஆலா என்னும் கடற்பறவைகளும் நீர்க்காகங்களும் கூழைக்கடாவும் நிற்கும். அதிலிருந்து அடுத்தடுத்த பாத்திகளுக்கு வரும்போது வெயிலில் காய்ந்து உப்பு ஏறும். மீன் வாழ முடியாத அந்தத் தண்ணீரில்தான் உப்பு இறால் என்னும் பொடி உயிர்கள் பெருகும். பூநாரை தலையைக் கவிழ்த்து அலசுவது அதற்குத்தான். கடைசியில் உப்பு விளையும் பாத்தியில் பறவைக்கு ஒன்றுமில்லை. அங்கே போய் நிற்பதும் வீண், வேலைக்கும் இடைஞ்சல்.

ஆழத்தையும் பார்க்க வேண்டும். கொசு உள்ளானுக்கு விரல் நுனி அளவு தண்ணீர் போதும். நீண்ட காலுள்ள கருவால் மூக்கன் தன் முழங்கால் வரை இறங்கும். பூநாரை அதைவிட ஆழத்தில் நிற்கும். வடகிழக்குப் பருவமழை அதிகம் பெய்த வருடம் டிசம்பரில் எல்லாம் கடல்போலக் கிடக்கும், சின்ன உள்ளான்களுக்குக் கால் வைக்க இடம் இருக்காது. பொங்கலுக்குப் பிறகு தண்ணீர் வற்றிச் சேறு தெரிய ஆரம்பித்ததும் அவை வரும். அதனால் ஜனவரி கடைசியில் வாருங்கள்.

வரப்பு பற்றி ஒரு வேண்டுகோள். வரப்பு களிமண்ணால் ஆனது, ஓரத்தில் மிதித்தால் உடையும். ஒரு இடம் உடைந்தால் இரண்டு பாத்தித் தண்ணீரும் கலந்து பல நாள் வேலை போய்விடும். 2018 நவம்பரில் கஜா புயல் கொண்டுவந்து கொட்டிய சேற்றை அள்ளி இந்தப் பாத்திகளை மறுபடி கட்டியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். யாரிடமாவது கேட்டுவிட்டு நடங்கள். கேட்டால் எந்த வரப்பில் போகலாம், இன்றைக்குப் பறவை எந்தப் பக்கம் என்று அவர்களே காட்டுவார்கள். சரணாலயத்துக்குள் போக வனத்துறை அனுமதி தனி, உப்பளத்துக்கு அந்தந்த உப்பளக்காரர் அனுமதி தனி.

அப்பா சொன்ன ஒரு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். அவர்கள் தினமும் பறவைக்கு முப்பது அடி பக்கத்தில் நடந்து போகிறார்கள், பறவை பறப்பதில்லை. வெளியாள் நூறு அடியில் நின்றாலே பறக்கிறது. ஏன் என்று கேட்டேன். "நாங்க பாட்டுக்குப் போறோம், அவங்க நின்னு பறவையையே பாக்குறாங்க" என்றார்.


நீலவானம்
ஜனவரி 7, பகல் 1:15

நல்ல தகவல்கள். ஆனால் நிற்கும் பூநாரையை எத்தனை பேர் எடுப்பது? இறக்கை விரிந்தால்தானே அந்தச் சிவப்பும் கறுப்பும் தெரியும். போன வருடம் ஒரு குழுவோடு வேறொரு ஏரிக்குப் போனோம். கூட்டிப்போனவர் கையைத் தட்டினார், முழுக் கூட்டமும் எழும்பியது. என் வாழ்க்கையின் சிறந்த படம் அன்றைக்குக் கிடைத்தது. பத்து நிமிடத்தில் பறவைகள் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டன. ஒரு தடவை பறந்தால் பறவைக்கு என்ன ஆகிவிடும்? பறப்பதற்குத்தானே இறக்கை?


கருவால்மூக்கன்
ஜனவரி 7, மாலை 7:50

நீலவானம், நீங்கள் நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பாது. தண்ணீரில் பல எட்டு ஓடி, வேகம் பிடித்து, பிறகுதான் மேலேறும். அந்த உடம்பைத் தூக்குவது பெரிய செலவு. அது பறந்து சுற்றும் பத்து நிமிடமும் மேய்ச்சல் இல்லை. உங்களுக்கு அது ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமை அதே கரைக்குக் காலை ஆறிலிருந்து பத்துக்குள் எட்டுக் குழு வந்தால் பறவைக்கு அது எட்டுத் தடவை.

சின்னப் பறவைகளின் கணக்கு இன்னும் கடினம். கொசு உள்ளானின் எடை முப்பது கிராமுக்குள்தான். கோழிமுட்டையில் பாதி. வடதுருவத்தை ஒட்டிய, மரமே வளராத தூந்திர வெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வருகிறது. வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் ஆர்க்டிக் கரையைத் தவிர வேறெங்கும் வழக்கமாகக் கூடு கட்டுவதில்லை. இவை இங்கே வந்திருப்பது தின்பதற்காக. மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போவதற்குள் தோலுக்கடியில் கொழுப்பு சேர்க்க வேண்டும். அந்தக் கொழுப்புதான் வழிச்சோறு. அது குறைந்தால் பாதி வழியில் இறங்க வேண்டிவரும், அல்லது போய்ச் சேர்ந்தும் முட்டையிடத் தெம்பு இருக்காது. நாம் கைதட்டியதன் விளைவு நம் கண் முன்னால் நடக்காது, பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நடக்கும். அதனால்தான் "ஒன்றும் ஆகவில்லையே" என்று நமக்குத் தோன்றுகிறது.

சட்டமும் இருக்கிறது. கோடியக்கரை 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் உள்ளது. சரணாலயத்துக்குள் உயிரினங்களைச் சீண்டுவது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உப்பளங்கள் பல எல்லைக்கு வெளியே இருக்கின்றன என்பது உண்மை. பறவைக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது.

நானும் ஒரு காலத்தில் வரப்பில் ஓடிப் பறவையைக் கிளப்பியவன்தான். அந்தப் படங்களை இப்போது திறந்து பார்த்தால் எல்லாப் பறவையும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. அவற்றை அழித்துவிட்டேன்.


நீலவானம்
ஜனவரி 7, இரவு 8:30

ஏற்றுக்கொள்கிறேன். வழிச்சோறு என்ற கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. அப்படியானால் பறக்கும் படம் எடுக்க என்னதான் வழி?


உப்புக்கொத்தி
ஜனவரி 7, இரவு 9:20

வழி நிறையவே இருக்கிறது, பொறுமை வேண்டும்.

முதலில் காற்று. பெரிய பறவைகள் எழும்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான். கோடியக்கரையில் குளிர்காலக் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து. காலைச் சூரியனும் கிழக்கே. ஆக, கூட்டத்துக்குக் கிழக்கே, சூரியனும் காற்றும் முதுகில் படும்படி உட்காருங்கள். எழும்பும் பறவை உங்களை நோக்கி வரும், வெளிச்சமும் அதன் முகத்தில் விழும். மாலையில் இது மாறிவிடும். சூரியன் மேற்கே போனபின் முகமும் வெளிச்சமும் ஒன்றாகக் கிடைப்பது கடினம். அப்போது பக்கவாட்டில் பறப்பதையோ, நிழலுருவத்தையோ எடுங்கள்.

இரண்டாவது, அவை பறக்கப்போவதை முன்பே சொல்லிவிடும். பூநாரைக் கூட்டம் தலையைத் தண்ணீரிலிருந்து எடுக்கும். கழுத்துகள் நிமிரும். எல்லாம் ஒரே திசையில் நடக்க ஆரம்பிக்கும். குரல் கூடும். அப்போது ஷட்டரை 1/2000க்கு ஏற்றித் தயாராக இருங்கள். தாமாகக் கிளம்பும்போது வரிசை வரிசையாகப் போகும். விரட்டப்பட்டால் ஒன்றின்மேல் ஒன்று குழம்பித்தான் எழும்பும்.

மூன்றாவது, சின்னப் பறவைகளை வேட்டையாடும் சேற்றுப் பூனைப்பருந்து. அது தாழப் பறந்து வந்தால் உள்ளான் கூட்டம் மொத்தமும் எழும்பித் துணி உதறியதுபோலத் திரும்பும். உங்களால் நடந்தது இல்லை என்பதால் நிம்மதியாக எடுக்கலாம்.

ஆனால் கழுத்து நிமிர்ந்தது உங்களைப் பார்த்தா என்பதையும் கவனியுங்கள். நீங்கள் ஒரு எட்டு வைத்ததும் மேய்ச்சல் நின்றால், பறவை நடந்து விலகினால், நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள். இரண்டு எட்டுப் பின்னால் வந்து உட்காருங்கள்.


வங்காலையான்
ஜனவரி 8, காலை 11:05

மன்னாரில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் வங்காலைச் சரணாலயம், 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பூநாரையும் ஊசிவால் வாத்தும் உள்ளான்களும் இங்கேயும் இந்த மாதங்களில் நிறைய நிற்கும். மன்னார்த் தீவுக்குப் போகிற வீதியின் இரண்டு பக்கமும் தண்ணீர்தான். பேருந்தும் லொறியும் பகல் முழுக்க ஓடுவதால் பறவைகளுக்கு வாகனம் பழகிப்போச்சு. ஆனால் கதவைத் திறந்து ஆள் இறங்கினவுடன் எழும்பும். வீதியோரம் பாதுகாப்பான இடத்தில் வாகனத்தை விட்டு, எஞ்சினை நிறுத்தி, ஜன்னலில் பயறு அடைத்த துணிப்பை ஒன்றை வைத்து அதில் லென்ஸைச் சாய்த்து எடுக்கிறது எங்கட வழக்கம். முக்காலியே தேவையில்லை.

உப்புக்காற்று பற்றி ஒருத்தரும் எழுதவில்லை. வீட்டுக்கு வந்ததும் லென்ஸ் உடம்பை முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றித் துடையுங்கோ. காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல் கண்ணாடியில் கீறிவிடும். பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி வையுங்கோ, இல்லாட்டி பூஞ்சை பிடிக்கும்.


செந்நிலம்
ஜனவரி 8, இரவு 9:00

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. பத்துப் படச் சோதனையைச் செய்தேன். பறவையின் உருவம் படத்துக்குப் படம் மாறுகிறது. லென்ஸ் பிழைத்தது.

இரண்டு கேள்வி. பூநாரையின் வெள்ளை இறகில் விவரமே இல்லாமல் வெளுத்துவிடுகிறது. அதே நேரம் வானத்தில் பறந்த ஆலா கறுப்பாக வருகிறது. ஏன்? அப்புறம், தரையில் படுத்து எடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?


கருவால்மூக்கன்
ஜனவரி 8, இரவு 10:10

கேமரா பார்ப்பதையெல்லாம் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கறுஞ்சேற்றுப் பின்னணி படத்தில் பெரும்பகுதி இருந்தால் அதைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் கூட்டும், நடுவில் இருக்கும் வெள்ளைப் பறவை வெளுத்துவிடும். கேமரா வைக்கும் வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 2/3 அல்லது மைனஸ் 1 வைத்துப் பாருங்கள். வெளிர் வானத்தில் ஆலா என்றால் நேர்மாறு, பிளஸ் 1. உப்பளத்தில் பறவை ஒரு நொடியில் சேற்றிலிருந்து வானத்துக்குப் போய்விடும். அதனால் நான் மேனுவலில் பறவையின் வெள்ளைக்கு அளவு வைத்துவிட்டு, பின்னணி எப்படி மாறினாலும் தொடுவதில்லை. வெயில் மாறினால் மட்டும் திருத்துவேன்.

படுப்பது உள்ளான்களுக்கு மிக முக்கியம். நாலு அங்குல உயரப் பறவையை ஐந்தடி உயரத்திலிருந்து எடுத்தால் முதுகும் சேறும்தான் வரும். அதன் கண் மட்டத்துக்கு இறங்கினால் பின்னணி தூரமாகிக் கரைந்துவிடும், பறவை தனியாக எழுந்து நிற்கும். ஆனால் கானல் தரையை ஒட்டித்தான் அதிகம். படுத்து எடுப்பது விடியலில், பக்கத்தில் வரும் பறவைக்கு. ஒன்பது மணிக்குப் படுத்துக்கொண்டு நூறு மீட்டரில் இருப்பதை எடுத்தால் நின்று எடுத்ததைவிட மோசமாக வரும்.

ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். 600 மி.மீ., எஃப்/6.3, பதினைந்து மீட்டர் என்றால் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் ஒரு சாண்தான். உங்கள் கிராப் சென்சாரில் அதைவிடக் குறைவு.


நெய்தல்_மகள்
ஜனவரி 9, காலை 6:30

படுப்பதற்குத் தார்ப்பாய் கொண்டுவாருங்கள். உப்புச்சேறு துணியில் பட்டுக் காய்ந்தால் தோல் எரியும். செருப்பு வேண்டாம், சேறு உறிஞ்சிக்கொள்ளும். கணுக்கால் மூடிய ஷூ நல்லது.


செந்நிலம்
பிப்ரவரி 2, இரவு 8:15

நேற்று மறுபடி போய்வந்தேன். முதல் நாளே வேதாரண்யத்தில் தங்கிவிட்டேன். உப்பளத்தில் அனுமதி கேட்டபோது அங்கே வேலை செய்யும் ஒரு பெரியவர் கூடவே வந்து எந்த வரப்பு உறுதியானது என்று காட்டினார். ஆறு மணிக்கு இருட்டிலேயே தார்ப்பாயை விரித்துப் படுத்துவிட்டேன். முன்னால் நனைந்த சேறு, விரலளவு தண்ணீர். ஒரு பறவையும் இல்லை. தவறான இடமோ என்று முக்கால் மணி நேரம் தவித்தேன். எழுந்து நடக்கக் கூடாது என்று மட்டும் பிடிவாதமாக இருந்தேன்.

ஏழு மணி வாக்கில் கொசு உள்ளான்கள் வந்தன. முதலில் எட்டு, பத்து. பிறகு முப்பதுக்கு மேல். தையல் இயந்திரம்போலச் சேற்றைக் குத்திக்கொண்டே என்னை நோக்கி வந்தன. ஒன்று நாலு மீட்டரில் நின்று ஒரு புழுவை இழுத்தது. அதன் கண்ணில் விடியல் வெளிச்சம் தெரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். நாற்பது நிமிடம் என்னைச் சுற்றியே மேய்ந்தன. ஒருமுறைகூட என்னால் பறக்கவில்லை. எட்டரைக்குக் கானல் தெரிய ஆரம்பித்ததும் கேமராவை மூடிவிட்டு, பறவைகள் தாமாக அடுத்த பாத்திக்கு நகரும் வரை படுத்தே இருந்தேன்.

மொத்தம் 310 படம். அதில் இருபது வைத்துக்கொள்ளும்படி இருக்கின்றன. பூநாரை பறக்கும் படம் கிடைக்கவில்லை. கழுத்து நிமிர்ந்து நடந்ததைப் பார்த்தேன், உப்புக்கொத்தி சொன்ன மாதிரியே நடந்தது, ஆனால் நான் உட்கார்ந்த இடம் தவறு. எல்லாம் என்னைவிட்டு விலகிப் போயின.

இன்னொரு விஷயம். ஒரு உள்ளானின் காலில் ஏதோ நிறப்பட்டை இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிய பிறகுதான் பார்த்தேன். அது என்ன?


கருவால்மூக்கன்
பிப்ரவரி 2, இரவு 8:55

அருமை! அந்தப் படத்தின் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். அது வளையமிட்ட பறவை, அதாவது எங்கே போய் வருகிறது என்று அறிய ஆய்வாளர்கள் காலில் அடையாளம் மாட்டிய பறவை. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் இட்டுவருகிறது. நாட்டுக்கு நாடு, இடத்துக்கு இடம் காலில் வளையத்தோடு மாட்டும் கொடிகளின் (நீங்கள் பார்த்த நிறப்பட்டையின்) நிறச் சேர்க்கை வேறு. அதனால் எந்தக் காலில் இருக்கிறது, காலின் மடிப்புக்கு மேலா கீழா, இரண்டு நிறம் என்றால் எது மேலே, எழுத்தோ எண்ணோ தெரிகிறதா என்று எல்லாவற்றையும் குறித்து, தேதி, இடத்தோடு கழகத்துக்கு அனுப்புங்கள். முன்பெல்லாம் பறவையைத் திரும்பப் பிடித்தால்தான் வளையத்தைப் படிக்க முடியும். இப்போது நாற்பது நிமிடம் அசையாமல் படுத்திருந்த ஒருவரின் படம் போதும். அன்றைக்குப் பார்த்த பறவைகளின் பட்டியலை, பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் இணையதளமான இ-பேர்டிலும் போட்டுவிடுங்கள். மங்கலான ஜனவரிப் படங்களையும் சேர்த்துத்தான். இனம் தெரிந்தால் போதும், கூர்மை தேவையில்லை.


நீலவானம்
பிப்ரவரி 2, இரவு 9:30

நாலு மீட்டரில் கொசு உள்ளான்! படித்ததும் எனக்கும் போக வேண்டும் போலிருக்கிறது. மார்ச் கடைசியில் போனால் இருக்குமா, இல்லை கிளம்பிவிடுமா?


உப்புக்கொத்தி
பிப்ரவரி 2, இரவு 10:05

இருக்கும். அப்போதுதான் நிறம் மாறும். இப்போது சாம்பலாகத் தெரியும் வளைமூக்கு உள்ளான், ஏப்ரல் தொடக்கத்தில் மார்பெல்லாம் செங்கல் நிறமாகிவிடும். கொசு உள்ளான் முதுகில் துருச்சிவப்பு ஏறும். ஆனால் பயணத்துக்கு முந்திய கடைசித் தீனி நேரமும் அதுதான். குளிர்காலத்தில் விட்டதைவிட இரண்டு மடங்கு தூரம் விடுங்கள். வெயிலும் சீக்கிரம் ஏறும், எட்டு மணிக்கே முடித்துவிட வேண்டியிருக்கும்.


நெய்தல்_மகள்
பிப்ரவரி 3, காலை 6:20

மார்ச் கடைசி என்றால் உப்பு வாரும் வேலை மும்முரமாக நடக்கும். வருவதற்கு இரண்டு நாள் முன்பு இங்கே எழுதுங்கள். எந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.


நீலவானம்
பிப்ரவரி 3, காலை 7:45

கட்டாயம் எழுதுகிறேன். செந்நிலம், நீங்களும் வருகிறீர்களா? அந்தப் பூநாரைக் கூட்டத்துக்குக் கிழக்கே இரண்டு பேர் படுக்கிற அளவு தார்ப்பாய் என்னிடம் இருக்கிறது.


செந்நிலம்
பிப்ரவரி 3, காலை 8:10

வருகிறேன். முதல் நாள் இரவே வேதாரண்யம் வந்துவிடுங்கள். காலை ஐந்தே காலுக்குக் கிளம்பினால்தான் இருட்டோடு போய்ப் படுக்க முடியும்.